ஐந்தரை மணி ரிங்கு

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தக் கதை என்னுடையது இல்லை. கிளாம்பாக்கத்தில் பஸ் ஏறி ஒலக்கூர் கூட்ரோட்டில் இறங்கிப்போன ஒரு பொம்பளை என் மடியில் போட்டுவிட்டுப் போன கதை. அதையும் முழுசாகப் போடவில்லை. கேள்வியோடு நிறுத்திவிட்டு இறங்கிவிட்டாள்.

அன்றைக்குத் தாம்பரத்தில் ஒரு கல்யாணம் முடிந்து நான் திண்டிவனம் திரும்பிக்கொண்டிருந்தேன். ஒரு பத்திரிகையில் வரப்போகும் என் கதையின் அச்சுப் படியை மடியில் வைத்துச் சிவப்புப் பேனாவால் திருத்திக்கொண்டிருந்தேன். பக்கத்து சீட்டில் நீல பேன்ட், நீலச் சட்டை, கருப்பு ஷூ, மேலே ஒரு பூப்போட்ட துப்பட்டா. செக்யூரிட்டி வேலை என்று பார்த்ததுமே தெரிந்தது.

"பேப்பர் திருத்துறீங்களா டீச்சர்?"

"நான் டீச்சர் இல்லம்மா. இது கதை. நான் எழுதினது."

"கதையிலகூடத் தப்பு வருமா?"

"அதுலதான் நெறைய வரும்."

நான் தமாஷுக்குத்தான் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. செங்கல்பட்டு தாண்டும்வரை கையைப் பிசைந்துகொண்டே வந்தாள். அப்புறம், "டீச்சர், எழுதறவங்கதான நீங்க, எனக்கு ஒண்ணு சொல்லுங்க" என்று ஆரம்பித்தாள். (டீச்சர் இல்லை என்று நான் சொன்னது காதிலேயே விழவில்லை. கடைசிவரை டீச்சர்தான்.)

அவள் பேர் அம்சா. அவள் சொன்னது அவளைப் பற்றியது இல்லை, அவள் வேலை பார்க்கும் கம்பெனியில் இருக்கும் சுப்ரியா என்ற பெண்ணைப் பற்றியது. சொல்லி முடிக்கவும் கண்டக்டர் "ஒலக்கூர் கூட்ரோடு எறங்கு, ஜல்தி" என்று கத்தவும் சரியாக இருந்தது. பையைத் தூக்கிக்கொண்டு எழுந்தவள், "நான் பண்றது தப்பா டீச்சர்?" என்று கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் விசில் அடித்துவிட்டான். கீழே நின்றுகொண்டு ஜன்னல் வழியாக என் முகத்தையே பார்த்தாள். பஸ் நகர்ந்துவிட்டது.

அதனால்தான் இதை எழுதுகிறேன். பதில் தெரிந்துகொண்டு எழுத உட்காருகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

2

எப்படி ஆரம்பிப்பது என்பதிலேயே பேஜாராகிவிட்டது. குப்பைக்கூடையில் இருப்பவற்றில் மூன்றை மட்டும் எடுத்துக் காட்டுகிறேன்.

"செக்கச்செவேலென்று சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது. ஜன்னலோரம் நின்ற சுப்ரியா தன் ஊரை நினைத்து—"

பொய். அவள் வேலை பார்க்கும் மாடியில் ஜன்னலுக்குக் கருப்புத் தாள் ஒட்டியிருக்கிறது. பகலும் ராத்திரியும் ஒரே டியூப்லைட். வெளியே பொழுது இறங்குவது அந்தப் பெண்ணுக்குத் தெரியவே தெரியாது. அவளுடைய கஷ்டமே அதுதான், நான் முதல் வரியிலேயே சூரியனைக் கொண்டுவந்து காட்டிக்கொண்டிருக்கிறேன்.

"பஸ் கிளம்பியது. அனந்தவல்லி முந்தானையால் கண்ணைத்—"

இதுவும் பொய். பெண்ணை அனுப்பும்போது அந்தம்மா அழவில்லை என்று அம்சா சொன்னாள். அழாதவளை அழவைக்க நான் யார்?

"ஆண்டுதோறும் பெருநகரங்களை நோக்கி இடம்பெயரும் இளம் பட்டதாரிகளின் வாழ்வியல் சிக்கல்களை—"

இதை என் வீட்டுக்காரர் எடுத்துப் படித்துவிட்டு, "இன்னா, கலெக்டருக்கு மனு எழுதிக்கினு இருக்கியா?" என்றார். கிழித்துப் போட்டுவிட்டேன். அவர் பேர் விருத்தாசலம். இந்தக் கதையில் அவருக்கு ஒரு வேலையும் இல்லை. ஆனால் என் கதைகளில் மூக்கை நுழைக்காமல் அவருக்குத் தூக்கம் வராது. பின்னால் வருவார், இப்போதே முகம் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, அலங்காரம் வேண்டாம். நேராகவே சொல்லிவிடுகிறேன்.

3

சுப்ரியாவுக்கு மேல்சித்தாமூருக்குப் பக்கத்து ஊர். ஆதியிலிருந்து அங்கேயே இருக்கிற சமணக் குடும்பம். அப்பா ஜீவகன், சொந்த நிலத்தில் நெல்லும் மல்லாட்டையும், அதாவது வேர்க்கடலையும், போடுகிறவர். அம்மா அனந்தவல்லி. ஒரே பெண். அந்த வீடுகளில் பொழுது இறங்குவதற்குள் சாயங்காலச் சாப்பாடு முடிந்துவிடும். விளக்கு வைத்த பிறகு வாயில் ஒரு பருக்கை போட மாட்டார்கள். மற்ற தெருவில் உலை வைக்கிற நேரத்துக்கு இவர்கள் தெருவில் பாத்திரமே கழுவிக் கவிழ்த்திருப்பார்கள்.

[இங்கே ஒரு ஓரக்குறிப்பு. சென்னையில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் எல்லாரும் அவளைக் கேட்டது: "ஜெயினா? அப்ப நீ சேட்டுப் பொண்ணா? எங்க, ஹிந்தி பேசு பாக்கலாம்." அவளும், "இல்லப்பா, நாங்க தமிழ்தான், விவசாயம் பண்றவங்க" என்று முதல் வாரம் முழுக்க விளக்கிக்கொண்டிருந்தாள். "அதெப்படி, தமிழ்ல ஜெயின் கெடையாதே?" என்று ஒருத்தன் அவளிடமே அடித்துச் சொன்னான். அப்புறம் விட்டுவிட்டாள். இதைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வேண்டியிருக்கும்.]

திண்டிவனத்தில் காலேஜ் படித்தாள். கேம்பஸ் இன்டர்வியூவில் வேலை கிடைத்தது. வெளிநாட்டு ஆஸ்பத்திரி பில்களைப் பார்த்து இன்ஷூரன்ஸுக்குப் பதிவு பண்ணும் வேலை. பழைய மகாபலிபுரம் ரோட்டில் கண்ணாடிக் கட்டிடம். மதியம் பன்னிரண்டுக்கு உள்ளே போனால் ராத்திரி ஒன்பதுக்குத்தான் வெளியே.

அவளைப் பாவப்பட்ட பெண்ணாக எழுத எனக்கு இஷ்டமில்லை. அவள் ஆசைப்பட்டுத்தான் போனாள். கழுத்தில் தொங்கும் கார்டைக் காட்டினால் கதவு தானாகத் திறந்ததே, அதில் அவளுக்கு அப்படி ஒரு குஷி. ஹாஸ்டல் அறையில் கட்டிலுக்குக் கீழே குட்டிக் கரண்ட் குக்கர், அதில் பூண்டு வெங்காயம் இல்லாமல் தானே பொங்கிய சோறு. வேளச்சேரி ஸ்டேஷனில் ரயில் பிடிக்க ஓடும்போது, இந்த ஊரில் யாருக்கும் நாம் யார் பெண் என்று தெரியாது என்று நினைத்துக்கொண்டால் அவளுக்குச் சிரிப்பு சிரிப்பாக வரும். இவ்வளவும் அவளே அம்சாவிடம் சொன்னது.

கிளம்புகிற அன்றைக்கு அனந்தவல்லி ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்.

"நீ சாப்பிட்டியான்னு தெரியாம எனக்கு எறங்காது பாப்பா. சாயங்காலம் சாப்பிட்டதும் ஒரு ரிங்கு குடு. நான் எடுக்க மாட்டேன். ரிங்கு வந்தா நீ சாப்பிட்டன்னு அர்த்தம். அப்புறந்தான் நான் தட்டுல கைய வெப்பேன்."

"வரலன்னா?"

"வரலன்னா பொழுது போய்டும். அன்னிக்கி பட்டினி. ஒரு வேளதான, இன்னா இப்ப?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அனந்தவல்லிக்குச் சுகர் உண்டு, காலையும் சாயங்காலமும் மாத்திரை. அதை அன்றைக்கு யாரும் பேசவில்லை.

4

முதலில் எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. வேலை செய்யும் இடத்துக்குள் போனைக் கொண்டுபோகக் கூடாது, வெளியே லாக்கரில் வைத்துவிட்டுப் போக வேண்டும். லாக்கருக்குக் காவல் நம் அம்சா. ஐந்தரைக்கு டீ பிரேக். சுப்ரியா வெளியே வருவாள், டப்பாவைத் திறந்து சாப்பிடுவாள், போனை எடுத்து அம்மாவுக்கு ஒரு ரிங்கு விட்டுவிட்டு உள்ளே ஓடிவிடுவாள்.

"யாருக்குடி, ஆளா?" என்று அம்சா ஒருநாள் கிண்டலடித்தாள்.

"ஐயோ, எங்கம்மாக்கா."

"எந்தூரு?"

"மேல்சித்தாமூர் பக்கம்."

"அட! நான் ஒலக்கூரு. நம்ம ஜில்லா பொண்ணு." அன்றையிலிருந்து சுப்ரியாவின் டப்பா அம்சாவின் மேஜைமேல்தான் திறந்தது.

அப்புறம் வேலை கூடியது. டீம் லீடர் சித்தார்த்தன் எல்லாரையும் கூப்பிட்டு, "இனிமே டீ பிரேக் கிடையாது. ஏழு மணிக்கு ஒரே பிரேக், எல்லாரும் சேர்ந்து எடுத்துக்கலாம். யாருக்காவது பிரச்சனையா?" என்றான். நல்ல பையன்தான். கேட்டான், பதிலுக்காகக் கொஞ்சம் நிற்கவும் செய்தான்.

சுப்ரியா, "ஓகே சார்" என்றாள்.

இந்த இடத்தில் எனக்கும் அவளுக்கும் பெரிய சண்டை. ஏன்டி, வாயில் என்ன கொழுக்கட்டையா? சார், நாங்க பொழுதோட சாப்பிடறவங்க, எனக்கு மட்டும் ஐந்தரைக்குப் பத்து நிமிஷம் குடுங்க என்று ஒரு வரி. சொல்லக்கூடாதா? நான் அவளுக்காக அந்த வரியை எழுதியும் பார்த்தேன். அவள் பேச மாட்டேன் என்கிறாள். இன்னும் வேலை நிரந்தரமாகவில்லை. சுற்றி இருபது பேர் நிற்கிறார்கள். சொன்னால் மறுபடி ஆரம்பிப்பார்கள், சேட்டுப் பொண்ணா, ஹிந்தி பேசு, தமிழ்ல ஏது ஜெயின் என்று. அதைவிடப் பட்டினியே தேவலை என்று அவளுக்குத் தோன்றியிருக்கிறது. நான் அந்த வயதில் அந்த இடத்தில் நின்றிருந்தால் நானும் ஓகே சார்தான்.

அன்றைக்கு வீட்டுக்கு ரிங்கு போகவில்லை. மறுநாள் காலையில் அப்பா போன் பண்ணினார்.

"நேத்து உன் ரிங்கு வரல. உங்கம்மா சாப்பிடல. ஆனா மாத்திரைய மட்டும் மறக்காம முழுங்கிக்கினா. கொஞ்ச நேரத்துல உடம்பெல்லாம் வேர்த்துக் கொட்டி கை நடுங்குது. வெல்லத் தண்ணி கரைச்சிக் குடுத்தா, பொழுது போச்சி வேணாம்றா. அடிக்காத கொறையா வாயில ஊத்தினேன் பாப்பா. நீ இன்னா வேலையா இருந்தாலும் அந்த ரிங்க மட்டும் உட்றாதம்மா."

சுப்ரியா அம்சாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். போனைத் திறக்கும் விதத்தைச் சொல்லிக்கொடுத்தாள். "ஐந்தரைக்கு அம்மாவுக்கு ஒரு ரிங்கு மட்டும் உடுக்கா. ஒரே ஒரு ரிங்கு."

"நீ சாப்பிடலியேடி."

"அம்மா சாப்பிடுவாங்க இல்ல?"

5

இப்படியாக ஐந்தரைக்கு அம்சா பொத்தானை அமுக்குவாள், மேல்சித்தாமூர் பக்கத்தில் ஒரு வீட்டில் அனந்தவல்லி தட்டில் கை வைப்பாள். சுப்ரியா உள்ளே கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டிருப்பாள். ஏழு மணிக்கு எல்லாரும் சாப்பிடப் போகும்போது லாக்கர் பக்கம் வந்து சும்மா உட்கார்ந்துவிட்டுப் போவாள்.

"இன்னாடி, டப்பா வெச்சது வெச்சபடி இருக்குது?"

"இருட்டிப்போச்சே. எப்படிக்கா சாப்பிடறது?"

"எப்படின்னா? எல்லாரும் வாயாலதான் சாப்பிடறாங்க."

காலையில் ஹாஸ்டலில் சாப்பிடுவதோடு சரி. பிறகு மறுநாள் காலையில்தான். ஒருநாள் அம்சா வலுக்கட்டாயமாகத் தயிர்சோற்றைப் பிசைந்து நீட்டினாள். சுப்ரியா அதை வாங்கி வாய்வரைக்கும் கொண்டுபோய், பக்கத்தில் யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பி—

இதற்குமேல் எனக்கு எழுத வரவில்லை. சாப்பிட்டாளா இல்லையா? சாப்பிடவைத்தால் எனக்கு நிம்மதியாக இருக்கும். ஆனால் அவள் சோற்றைத் திரும்ப டப்பாவில் போட்டுவிட்டாள் என்று அம்சா தெளிவாகச் சொன்னாள். "அம்மாவுக்குத் தெனமும் பொய் சொல்றேன்க்கா. இதையும் பண்ணிட்டா அப்புறம் நான் வீட்டுக்கு எந்த மூஞ்சிய வெச்சிக்கினு போவேன்?" என்றாளாம். ஊரில் அம்மா சாப்பிட்டுக்கொண்டிருக்கிறாள், அது போதும். ஒரு வேளைதானே என்று அம்மா சொன்னதையே சொல்லிக்கொள்வாள்.

உடம்பு இதையெல்லாம் கேட்குமா? கோடை முடிவதற்குள் சுடிதார் தொளதொள என்று ஆகிவிட்டது. வயிற்றெரிச்சல். படி ஏறினால் கண் இருட்டும்.

6

ஒரு சாயங்காலம் ஐந்து மணி வாக்கில் உள்ளே சத்தம். சுப்ரியா நாற்காலியோடு சாய்ந்து விழுந்துவிட்டாள். நெற்றியில் மேஜை விளிம்பு பட்டு ரத்தம். சித்தார்த்தன்தான் தூக்கிக்கொண்டு ஓடிவந்தான். பக்கத்தில் இருந்த ஆஸ்பத்திரிக்குக் காரில் கொண்டுபோனார்கள். அம்சாவால் அவர்களோடு போக முடியவில்லை, லாக்கரை விட்டு நகரக் கூடாது. அவள் கையில் சுப்ரியாவின் போன்.

மணி ஐந்தரை ஆனது.

இனி அம்சாவின் வாயாலேயே கேளுங்கள். நான் இதில் ஒரு எழுத்தும் சேர்க்கவில்லை.

"கை தானா அமுக்கிச்சின்னு சொல்லலாம் டீச்சர். ஆனா அப்படி இல்ல, யோசிச்சேன். இந்தப் பொண்ணுக்கு ஒண்ணும் ஆவாது, பாட்டில் ஏத்தினா எழுந்துக்கும். அந்தம்மா எதுக்குப் பட்டினி கெடக்கணும், சுகர்காரம்மா வேறன்னு நெனச்சேன். நெனச்சித்தான் ரிங்கு உட்டேன்."

அன்றைக்கு அனந்தவல்லி வீட்டில் கேப்பை அடையும் மல்லாட்டைச் சட்னியும். ரிங்கு வந்ததும் உட்கார்ந்து திருப்தியாகச் சாப்பிட்டாள். ஜீவகனுக்கு இன்னொரு அடை போட்டுக் கொடுத்துவிட்டு, அவள் தட்டைக் கழுவிக்கொண்டிருக்கும்போது கம்பெனியிலிருந்து போன். உங்க பொண்ணு மயங்கி விழுந்துட்டாங்க, ஆஸ்பத்திரியில இருக்காங்க, ரொம்ப நாளா சரியா சாப்பிடலன்னு டாக்டர் சொல்றாரு.

"இப்பதான சாப்பிட்டேன்னு ரிங்கு குடுத்தா?" என்று அனந்தவல்லி கேட்டாள். ஜீவகன் போனைக் காதில் வைத்தபடியே நின்றார். "ஏங்க, இப்பதான ரிங்கு குடுத்தா?" என்று மறுபடியும் கேட்டாள். அவருக்கு என்ன தெரியும், பாவம்.

மறுநாள் விடிகாலையிலேயே ரெண்டு பேரும் சென்னைக்கு வந்துவிட்டார்கள். அனந்தவல்லி மகளைத் திட்டவில்லை. தலையைத் தடவிக்கொண்டே, "எத்தினி நாளா?" என்று மட்டும் கேட்டாள். சுப்ரியா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

சித்தார்த்தனும் பார்க்க வந்தான். விஷயம் தெரிந்ததும் தலையில் கை வைத்துக்கொண்டான். "இதச் சொல்லியிருந்தா அன்னிக்கே உனக்கு ஐந்தரைக்கு பிரேக் குடுத்திருப்பேனே சுப்ரியா. இதுல என்ன இருக்கு?" என்றான். அன்றைக்கே மாற்றியும் கொடுத்துவிட்டான்.

அவ்வளவு சுலபம்.

7

மகளை ஊருக்குக் கூட்டிப்போய் உடம்பு தேற்றினார்கள். பொழுது சாய்வதற்கு முன்னால் அனந்தவல்லி பார்த்துப் பார்த்துப் பரிமாறினாள். தான் மட்டும் உட்காரவில்லை.

"நீயும் ஒக்காரும்மா."

"எனக்கு எறங்கல பாப்பா."

"நாந்தான் சாப்பிடறேன் இல்ல? கண்ணு முன்னாலதான சாப்பிடறேன்?"

"நீ அங்க சுருண்டு விழுந்து கெடந்த. நான் இங்க சட்னிய வழிச்சி வழிச்சித் தின்னுக்கினு இருந்தேன். சாயங்காலம் தட்டப் பாத்தாலே அந்த ஞாபகம்தான் வருது. எறங்க மாட்டேங்குது, நான் இன்னா பண்ணட்டும்?"

கோபமாகச் சொல்லியிருந்தால் சமாதானம் பண்ணியிருக்கலாம். அவள் கோபமாகவே இல்லை. வேலையை விடச் சொல்லவும் இல்லை. "ஆசப்பட்ட வேல, போய்ட்டு வா. ரிங்கு மட்டும் குடுக்காதம்மா" என்றாள்.

திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் சென்னை பஸ்ஸில் சுப்ரியா உட்கார்ந்திருக்கிறாள். வெயில் சாய்ந்துவிட்டது. மடியில் அம்மா கட்டிக்கொடுத்த எலுமிச்சை சாதம். சாப்பிட வேண்டிய நேரம், கை போகவில்லை. அம்மா சாப்பிடாமல் நான் எப்படிச் சாப்பிடுவது என்று அப்படியே வைத்துக்கொண்டிருக்கிறாள்.

இங்கேதான் என் வீட்டுக்காரர் உள்ளே நுழைந்தார். "போதும், புள்ளய எறக்கி வீட்டுக்கு அனுப்பு" என்றார்.

எழுதிப் பார்த்தேன். சுப்ரியா பையோடு இறங்கிவிடுகிறாள். விழுப்புரத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் பில் போடும் வேலை. சாயங்காலம் நாலரை மணி பஸ்ஸில் ஊர் திரும்பி அம்மாவோடு உட்கார்ந்து சாப்பிடுகிறாள். அனந்தவல்லியின் முகம் தெளிந்துவிட்டது. ஆனால் சுப்ரியாவின் முகத்தை எழுத எழுத எனக்குப் பிடிக்கவில்லை. வேளச்சேரி ஸ்டேஷனில் சிரித்துக்கொண்டு ஓடியவள் எங்கே போனாள்? அவளை நான்தானே இறக்கினேன்?

"அப்ப அம்மாக்காரிய சென்னைக்குக் கூட்டினு போவச் சொல்லு."

"நெலத்த யார் பாக்கறது? மாட்ட யார் பாக்கறது?"

"அப்ப அந்த சித்தார்த்தனையே கல்யாணம் பண்ணி—"

"எழுந்து போறீங்களா?"

எழுந்து போனார். கொஞ்ச நேரத்தில் வாசல் பக்கம் அவர் குரல் கேட்டது. பெங்களூரில் இருக்கும் எங்கள் மகன் கோபிக்குப் போன் பண்ணி, "சாப்டியாப்பா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். திரும்பி வந்து, "சாப்பிட்டானாம்" என்றார். அதற்குமேல் அவர் முடிவு எதுவும் சொல்லவில்லை.

8

பஸ் ஸ்டாண்டில் உண்மையில் நடந்தது இதுதான். டிரைவர் ஏறி வண்டியைக் கிளப்பும்போது சுப்ரியாவின் போன் ஒரே ஒருமுறை அடித்துவிட்டு நின்றது. அம்மாவின் நம்பர். ஒரே ஒரு ரிங்கு.

அம்மா அதுவரை அவளுக்கு ரிங்கு கொடுத்ததே இல்லை. சுப்ரியாவுக்கு ஒரு விநாடி புரியவில்லை. புரிந்ததும் பஸ் என்றுகூடப் பார்க்காமல் விசும்பி விசும்பி அழுதாள். அம்மா சாப்பிட்டுவிட்டாள். டப்பாவைத் திறந்து, பொழுது முழுக்க இறங்குவதற்குள், அழுதுகொண்டே ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டாள்.

பிறகு அது வழக்கமாகிவிட்டது. சுப்ரியாவின் போன் லாக்கரில் இருக்கும் என்பதால் அம்சாவின் நம்பரை வீட்டுக்குக் கொடுத்தாள். சாயங்காலம் ஐந்தரைக்கு அம்சாவின் போனில் ஒரு ரிங்கு வரும். சுப்ரியா பிரேக்குக்கு ஓடிவந்து, "வந்திச்சாக்கா?" என்பாள். "வந்திச்சிடி, ஒக்காரு" என்பாள் அம்சா. அதற்கப்புறம்தான் டப்பாவைத் திறப்பாள். அம்மா போட்ட சட்டத்தை இப்போது மகள் பிடித்துக்கொண்டாள். கன்னத்தில் சதை வைத்தது. வேலையும் நிரந்தரமாகிவிட்டது.

கதையை இங்கே முடித்துவிட்டால் என்ன என்று எனக்கு ரொம்ப ஆசை. உங்களுக்கும் இருக்கும். சித்தாமூர் பக்கம் ஒரு தட்டு, சென்னையில் ஒரு டப்பா, நடுவில் ஒரு ரிங்கு. ஆனால் அம்சா அங்கே முடிக்கவில்லை. அவள் கேள்வியும் அந்த மயக்கம் போட்ட நாளைப் பற்றியது இல்லை. பஸ் அச்சிறுபாக்கம் வரும்வரை நானும் அந்த நாளைப் பற்றித்தான் கேட்கப்போகிறாள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

போன மாதம் ஒருநாள் ஐந்தரைக்கு ரிங்கு வரவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அம்சாவே அந்த நம்பருக்குப் போட்டாள். ஜீவகன் எடுத்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினார்.

"அவ சாயங்காலம் சாப்பிட்டு எத்தினியோ நாளாச்சும்மா. மொத நாள்லேருந்து நான்தான் அவ போன எடுத்து அமுக்கிக்கினு இருந்தேன். புள்ள பஸ்ஸுல பசியோட போவுமே, பொழுதோட சாப்பிடட்டும்னு திண்டிவனத்துக்கும் நான்தான் குடுத்தேன். இன்னிக்கி அவ பாத்துட்டா. 'இந்த ரிங்கு பொய்யாலதான் எம்புள்ள விழுந்தா, நீயும் அதையே பண்றியா'ன்னு கேட்டு சாமி மேல சத்தியம் வாங்கிக்கினா. இனிமே என்னால முடியாது. விழுப்புரத்துல காட்டினோம், இப்படியே போனா தாங்காதுன்னு டாக்டர் திட்டறாரு. நீயே எம்பொண்ணுகிட்ட பக்குவமா சொல்லிடும்மா."

போனை வைத்ததும் கதவு திறந்தது. சுப்ரியா சிரித்துக்கொண்டே வந்தாள்.

"வந்திச்சாக்கா?"

அம்சா, "வந்திச்சி, ஒக்காரு" என்று சொல்லிவிட்டாள்.

அன்றைக்கு மட்டும் இல்லை. மறுநாளும் சொன்னாள். என்னோடு பஸ்ஸில் வந்தாளே, அதற்கு முந்தின சாயங்காலமும் சொல்லியிருக்கிறாள்.

"சொல்லிட்டா அது சோத்த எறக்காது டீச்சர். மறுபடி விழும். இல்ல, வேலையப் போட்டுட்டுப் போய்டும். சொல்லாம உட்டா அங்க அந்தம்மாவுக்கு ஒண்ணு ஆச்சின்னு வெச்சிக்குங்க... 'எங்கம்மா அங்க கெடந்தாங்க, நான் இங்க ஒக்காந்து தின்னுக்கினு இருந்தேனாக்கா'ன்னு அதுவும் என்னத்தான கேக்கும்? அந்தம்மா சொன்னத அப்படியே. நான் பண்றது தப்பா டீச்சர்?"

ஒலக்கூர் கூட்ரோடு வந்துவிட்டது.

9

இதற்கு முடிவு எழுத இரண்டுமுறை உட்கார்ந்தேன்.

"அம்சா அவள் கையைப் பிடித்து, 'கண்ணு, நான் ஒண்ணு சொல்லணும்' என்று—"

"அம்சா எப்போதும்போல் தலையை ஆட்டினாள். சுப்ரியா டப்பாவைத் திறந்து—"

இரண்டையும் அடித்துவிட்டேன். முதலாவதில் சுப்ரியா பட்டினி. இரண்டாவதில் அனந்தவல்லி ஒவ்வொரு சாயங்காலமும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டே போகிறாள். எதை எழுதினாலும் ஒரு தட்டு காலியாகக் கிடக்கிறது. எழுதுகிறவள் என்ற அதிகாரத்தில் யாரைப் பட்டினி போடுவது என்று நான் முடிவு செய்ய மாட்டேன். என்னால் ஆகாது.

அம்சாவின் நம்பரை வாங்கிக்கொள்ளவும் எனக்குத் தோன்றவில்லை. இப்போது அங்கே என்ன நடக்கிறதோ தெரியாது. ஐந்தரை அடிக்கும்போது மட்டும் கை வேலையை அப்படியே வைத்துவிடுகிறேன். விருத்தாசலம் அந்த நேரத்தில் என்னோடு பேச்சுக் கொடுப்பதில்லை.

இன்றைக்கும் ஐந்தரைக்குக் கதவு திறக்கும். சுப்ரியா பசியோடு வருவாள். டப்பா மேஜைமேல் இருக்கும். அம்சாவின் நாற்காலியில் இன்றைக்கு மட்டும் நீங்கள் உட்காருங்கள். போன் உங்கள் கையில் இருக்கிறது, அது அடிக்கவில்லை.

"வந்திச்சாக்கா?"